உணவில் கிருமி இருக்கிறதா? தங்கத் துகள் 15 நிமிடத்தில் சொல்லிவிடுமா?

சனிக்கிழமை சாயங்காலம். கரோல் பாக் மெட்ரோவில் இறங்கி அஜ்மல் கான் ரோடு பக்கம் நடக்கிறீர்கள். ரூம்மேட்டுக்கு ஒரு சார்ஜர், உங்களுக்கு ஒரு ஷூ, நடுவில் ஒரு தட்டு மோமோ, பக்கத்தில் வெள்ளை வெளேரென்று மயோனைஸ். ராத்திரி 2 மணிக்கு வயிறு பிசைய ஆரம்பிக்கிறது. காலையில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: "வெளியில என்ன சாப்பிட்டீங்க?"

உங்கள் சந்தேகம் மோமோ மேல்தான். ஆனால் முந்தின நாள் மெஸ்ஸில் சாப்பிட்ட தயிர் சாதமாகவும் இருக்கலாம். அதற்கும் முந்தின நாள் ஆபீஸ் கேன்டீனில் வாங்கிய முட்டைக் குழம்பாகவும் இருக்கலாம். சால்மோனெல்லா வயிற்றுக்குள் போய் வேலையைக் காட்ட 6 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை எடுத்துக்கொள்ளும். எந்த உணவு காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும். ஆய்வகத்துக்கோ நாட்கள் வேண்டும். அதற்குள் அந்தத் தட்டு கழுவப்பட்டு, அந்த மயோனைஸ் டப்பா காலியாகி, குப்பை வண்டியில் போயிருக்கும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் அடிக்கடி பார்க்கும் அந்தச் செய்தி வருகிறது: "நானோ தங்கத் துகள்கள் உணவிலுள்ள பாக்டீரியாவைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கும்." இது பொய் இல்லை. ஆனால் அந்தச் "சில நிமிடங்கள்" எங்கே தொடங்குகிறது என்பதைப் பல செய்திகள் சொல்வதில்லை. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஆய்வகம் ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது?

பெரிய இயந்திரம் இல்லாததால் தாமதம் என்று நினைத்துவிடாதீர்கள். பாக்டீரியா வளர நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

சால்மோனெல்லாவைத் தேடும் வழக்கமான முறை இப்படிப் போகும். உணவில் 25 கிராம் எடுத்து, 225 மில்லிலிட்டர் ஊட்டக் கரைசலில் போட்டு, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைப்பார்கள். குளிர், உப்பு, சூடு என்று அடிபட்டு அரை உயிராகக் கிடக்கும் பாக்டீரியா முதலில் தேற வேண்டுமே, அதற்கு. மறுநாள் அதில் கொஞ்சம் எடுத்து, மற்ற கிருமிகளை அடக்கி சால்மோனெல்லாவை மட்டும் வளரவிடும் வேறு கரைசலில் இன்னொரு நாள். அதற்கப்புறம் பெட்ரி தட்டில் தேய்த்து இன்னொரு நாள். கறுப்புப் புள்ளி வைத்த காலனி தெரிந்தால், அது நிஜமாகவே சால்மோனெல்லாதானா என்று உறுதிசெய்ய மேலும் ஒன்றிரண்டு நாள். இல்லை என்று சொல்லவே 3 நாள், இருக்கிறது என்று சொல்ல 5 நாள்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், மாதிரி கிடைத்த 14 நாட்களுக்குள் உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்கிறது. சட்டத்துக்கு அது நியாயமான கெடுதான். பால் பாக்கெட்டுக்கு? அதன் ஆயுளே இரண்டு நாள். பாக்கெட்டில் எடுத்த மாதிரிக்கு முடிவு வரும்போது, அந்த பேட்ச் பால் முழுவதும் காபியாகவும் தயிராகவும் மாறி, வயிற்றுக்குள் போய், ஜீரணமும் ஆகியிருக்கும்.

2022 மே 1 அன்று கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செருவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். கடையில் எடுத்த மாதிரிகளின் முடிவு சில நாள் கழித்து வந்தபோது, ஷவர்மாவில் சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் இருப்பது தெரிந்தது. மிளகுத்தூளிலும் சால்மோனெல்லா. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்தார். 40-க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சை பெற்றார்கள். 2024 அக்டோபரில் ஹைதராபாத்தில் மோமோ சாப்பிட்ட ஒரு பெண் இறந்த பிறகு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தெலங்கானா ஓராண்டுத் தடை போட்டது. 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாடும் அதேபோல ஓராண்டுத் தடை கொண்டுவந்தது.

கவனித்துப் பாருங்கள். பரிசோதனை வேகமாக இல்லாத ஊரில் அரசுக்கு எளிதாகக் கைக்கு எட்டும் ஆயுதம் தடைதான். எந்த டப்பா மயோனைஸ் கெட்டது என்று மாலைக்குள் சொல்ல முடியாது என்றால், எல்லா டப்பாவையும் மூடச் சொல்வதைத் தவிர என்ன செய்வது?

உலக சுகாதார அமைப்பு 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்ட உணவால் ஆண்டுக்குச் சுமார் 60 கோடிப் பேர் நோய்வாய்ப்படுகிறார்கள். 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். அதில் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

சரி, தங்கம் எங்கிருந்து வந்தது?

கரோல் பாக்கில் இருப்பவர்களுக்குத் தங்கத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பேங்க் ஸ்ட்ரீட்டில் வரிசையாக நகைக்கடைகள். பின்னால் பீடன்புரா, ரேகர்புரா சந்துகளில் வங்காளப் பொற்கொல்லர்களின் பட்டறைகள். அங்கே தங்கம் மஞ்சள். உருக்கினாலும், தட்டினாலும், கம்பியாக இழுத்தாலும் மஞ்சள்.

ஆனால் அதே தங்கத்தை 20 நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இருக்காது. நல்ல மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்கும். 20 நானோமீட்டர் எவ்வளவு என்றால், உங்கள் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். ஒரு சால்மோனெல்லா பாக்டீரியாவின் நீளம் சுமார் 2,000. அதன் முதுகில் இந்தத் தங்கத் துகள்களை வரிசையாக அடுக்கினால் நூறு உட்காரும்.

நிறம் ஏன் மாறுகிறது? உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் சுதந்திரமாக அலைகின்றன. துகள் இவ்வளவு சின்னதாகும்போது, வெளிச்சம் பட்டதும் அந்த எலக்ட்ரான் கூட்டம் மொத்தமாக அப்படியும் இப்படியும் ஆடுகிறது. கோயில் திருவிழாவில் நெரிசலில் மாட்டிய கூட்டம் ஒரே பக்கமாகச் சாய்ந்து திரும்புமே, அதுபோல. இந்த ஆட்டம் பச்சை வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கிறது. மிச்சம் நம் கண்ணுக்கு வருவது சிவப்பு. துகள்கள் ஒன்றோடு ஒன்று நெருங்கி ஒட்டிக்கொண்டால் ஆட்டம் மாறும்; சிவப்பு போய் ஊதாவாகி நீலமாகும். இயந்திரம் எதுவும் வேண்டாம், கண்ணே போதும்.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே, 1857-இல். அவர் செய்த சிவப்புத் தங்கக் கரைசல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் இருக்கிறது. இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. இன்று கல்லூரி ஆய்வகத்தில்கூட இதைச் செய்துவிடலாம். தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து அதில் சோடியம் சிட்ரேட் சேர்த்தால், இளமஞ்சள் கரைசல் நிறமிழந்து, கறுத்து, சில நிமிடங்களில் ஒயின் சிவப்பாக வந்து நிற்கும். 1951-இல் டர்கெவிச் குழு விவரித்த முறை இது. (எம்.ஜி.ஆர். நிறத்துக்குக் காரணம் தங்க பஸ்பம் என்று ஊரில் பேசிக்கொள்வார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாரும் குடித்துப் பார்க்க வேண்டாம்.)

"தங்கம் விற்கிற விலைக்கு இது கட்டுப்படியாகுமா?" என்று கேட்பீர்கள். ஒரு சோதனைப் பட்டைக்கு ஆகும் தங்கம் சில மைக்ரோகிராம்தான். அப்படிப் பார்த்தால் ஒரு கிராம் தங்கத்தில் லட்சக்கணக்கில் பட்டை செய்யலாம். பட்டையில் உண்மையில் விலை உயர்ந்தது தங்கம் இல்லை. அதன் மேல் ஒட்டவைக்கும் ஆன்டிபாடி.

பட்டைக்குள் நடப்பது என்ன?

இதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். 2020 ஜூனில் டெல்லியில் கொரோனாவுக்கான ரேபிட் ஆன்டிஜென் டெஸ்ட் பெரிய அளவில் தொடங்கியபோது மூக்கில் குச்சி விட்டு எடுத்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் கேசட்டில் சொட்டு விட்டார்களே, அதே குடும்பம்தான். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையும் இதே வகை. இவற்றில் பலவற்றில் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு, குவிந்து நிற்கும் தங்கம்தான்.

உணவுக்கு வரும்போது இப்படி நடக்கும். தங்கத் துகள் ஒவ்வொன்றின் மேலும் ஆன்டிபாடி பூசியிருப்பார்கள். சால்மோனெல்லாவின் மேல்தோலை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி அது. உணவுக் கரைசலைப் பட்டையின் ஒரு முனையில் விட்டால், மை உறிஞ்சும் தாளில் பரவுவதுபோல அது முன்னே நகரும். வழியில் காத்திருக்கும் தங்கத் துகள்கள் பாக்டீரியாவைக் கண்டால் ஒட்டிக்கொண்டு கூடவே போகும். பட்டையின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டில் இன்னொரு ஆன்டிபாடி வேலிபோல நிற்கிறது. பாக்டீரியா அங்கே மாட்டும். கூட வந்த தங்கமும் மாட்டும். ஆயிரக்கணக்கில் மாட்டினால் கோடு சிவக்கும். அதைத் தாண்டி இன்னொரு கோடு, பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட. அது சிவக்கவில்லை என்றால் அந்தப் பட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

10 முதல் 15 நிமிடம். கரண்ட் வேண்டாம், லேப் கோட் வேண்டாம். செய்திகளில் வரும் அந்தச் "சில நிமிடங்கள்" இதுதான்.

அப்புறம் என்ன பிரச்சினை?

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

சாதாரணமாக இப்படிப்பட்ட ஒரு பட்டையில் கோடு தெரிய, ஒரு மில்லிலிட்டரில் குறைந்தது ஒரு லட்சம் பாக்டீரியாவாவது இருக்க வேண்டும். பல பட்டைகளுக்குப் பத்து லட்சம் வேண்டும். ஆனால் பல உணவுகளுக்கு நம் தரநிலை கேட்பது, 25 கிராமில் சால்மோனெல்லா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று. ஷிகெல்லாவோ, 10 முதல் 100 பாக்டீரியா உள்ளே போனாலே ஆளைப் படுக்கவைத்துவிடும். ஆக, நூறு பாக்டீரியா இருக்கும் உணவை நேராகப் பட்டையில் விட்டால் கோடு வராது. "கிருமி இல்லை" என்று நினைத்துச் சாப்பிடுவீர்கள்.

அதனால் என்ன செய்கிறார்கள்? திரும்பவும் அதே ஊட்டக் கரைசலில் வளர்க்கிறார்கள். 25 கிராம் உணவையும் 225 மில்லிலிட்டர் கரைசலையும் சேர்த்தால் 250 மில்லிலிட்டர். அதில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஒரு லட்சம் வேண்டும் என்றால், மொத்தம் இரண்டரைக் கோடி பாக்டீரியா. ஒரே ஒரு பாக்டீரியாவில் தொடங்கி, 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டித்தால், 25 முறை இரட்டிக்க வேண்டும். 500 நிமிடம். 8 மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே. அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்தான். அடிபட்ட பாக்டீரியா தேறி எழ முதலில் சில மணி நேரம் சும்மா கிடக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கத்துக்கு 15 நிமிடம், பாக்டீரியாவுக்கு ஒரு ராத்திரி. 5 நாள் வேலை ஒரு நாளுக்கு இறங்குகிறது. இது சின்ன விஷயமா? இல்லவே இல்லை. பால் பண்ணைக்கும் இறால் ஏற்றுமதியாளருக்கும் 5 நாளுக்கும் 1 நாளுக்கும் உள்ள வித்தியாசம், குளிர்பதனக் கிடங்கில் சரக்கு முடங்கிக் கிடப்பதற்கும் மறுநாளே லாரி ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆனால் மோமோ ஸ்டாலில் நின்று, பட்டையைச் சட்னியில் முக்கி, கோடு வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடுவது? அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அப்படிச் செய்யலாம் என்று யாராவது ரீல்ஸ் போட்டால், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை பாக்டீரியா இருந்தால் கோடு வரும் என்று கமென்டில் கேளுங்கள்.

கொரோனா நேரத்தில் நாம் கற்றுக்கொண்ட பிசிஆர் முறையும் இந்தக் களத்தில் இருக்கிறது. பெரிய உணவு ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. அது பட்டையைவிட நுட்பமானது. ஆனால் இயந்திரம், பயிற்சி பெற்ற ஆள், சுத்தமான அறை எல்லாம் வேண்டும். அதற்கும் பெரும்பாலும் முன்னால் ஒரு வளர்ப்பு தேவைப்படுகிறது.

வளர்க்காமல் பிடிக்க முடியாதா?

முடியும் என்று இரண்டு வழிகளில் முயல்கிறார்கள்.

ஒன்று, காந்தம். தங்கத்துக்குப் பதில் இரும்பு ஆக்சைடு நானோ துகளில் ஆன்டிபாடியைப் பூசி உணவுக் கரைசலில் கலக்குவது. அவை பாக்டீரியாவைப் பிடித்துக்கொள்ளும். குப்பியின் ஓரத்தில் காந்தம் வைத்தால் பிடித்த பாக்டீரியாவோடு ஓரத்துக்கு வந்துவிடும். மிச்சத்தைக் கொட்டிவிடலாம். பெரிய பாத்திரத்தில் சிதறிக் கிடந்தது ஒரு சொட்டுக்குள் வந்துவிடுவதால், பல முறை இரட்டிக்கும் நேரம் மிச்சம். பல ஆய்வுக் குழுக்கள் இன்று காந்தத் துகளையும் தங்கத் துகளையும் ஜோடியாகப் பயன்படுத்துகின்றன: ஒன்று பிடிக்க, ஒன்று காட்ட. எனக்குக் கேட்டால், முன்னேற்றம் இந்த "பிடிக்கும்" பக்கத்திலிருந்துதான் வரும். காட்டும் வேலை ஏற்கெனவே போதுமான அளவு வேகமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது வழிக்கு நம் ஊர்த் தொடர்பு உண்டு. கரோல் பாக்கிலிருந்து ராஜேந்திரா பிளேஸ், பட்டேல் நகர் தாண்டிப் பூசா பக்கம் போனால் டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று ஒரு சாலை வரும். தேசிய இயற்பியல் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர்தான் இந்தக் கிருஷ்ணன். 1898-இல் விருதுநகர் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்தவர். 1928-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்து, ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும் வெளிச்சத்தில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருவதைக் கண்டவர். ராமன் விளைவு என்று நாம் படித்தது அதுதான். அந்த நிறமாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கைரேகை மாதிரி. ஆனால் கோடிக்கணக்கான ஒளித்துகளில் ஒன்றிரண்டுதான் அப்படி மாறும் என்பதால் சிக்னல் ரொம்பப் பலவீனம்.

1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் சொரசொரப்பான வெள்ளி மேல் வைத்த மூலக்கூறு எதிர்பாராத அளவு வலுவான ராமன் சிக்னல் தருவதைக் கண்டார்கள். பிறகு தெரிந்தது: நானோ அளவிலான வெள்ளி, தங்கத்தின் அருகில் அந்தச் சிக்னல் பல லட்சம் மடங்கு பெருகுகிறது. அந்த எலக்ட்ரான் கூட்டத்தின் ஆட்டம்தான் இங்கும் காரணம். பாக்டீரியாவைச் சுற்றி வெள்ளி அல்லது தங்கத் துகளைப் படியவிட்டு லேசர் அடித்தால், கைரேகையைப் படித்து இது எந்த பாக்டீரியா என்று சொல்ல முடியும். ஆய்வகத்தில் இது நடக்கிறது. ஆனால் சுத்தமான கரைசலில் படித்த கைரேகையை, எண்ணெய் மிதக்கும் சோலேவுக்குள் படிப்பது வேறு வேலை.

நம் சாப்பாடு, நம் சிக்கல்

இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் பால், கீரை, கோழி இறைச்சி, ஆப்பிள் ஜூஸ் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். நம் தட்டு அப்படி இல்லை. மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போட்ட குழம்பில் சிவப்புக் கோடு எப்படித் தெரியும்? வனஸ்பதியும் வெண்ணெயும் பட்டையின் நுண்துளைகளை அடைத்துவிடும். உப்பும் புளியும் தங்கத் துகள்களைச் சும்மாவே ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துவிடலாம். கிருமியே இல்லாமல் கரைசல் நீலமாகும். அதனால் ஒவ்வொரு உணவுக்கும் தனித்தனியாகச் சோதித்துச் சரிபார்க்க வேண்டும். பாலுக்குச் சரியான கிட் பாவ் பாஜிக்குச் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று: ஆன்டிபாடிக்கு உயிருள்ள பாக்டீரியாவும் செத்த பாக்டீரியாவும் ஒன்றுதான். நன்றாகக் கொதிக்கவைத்த குழம்பில் செத்த உடல்கள் நிறைய மிதந்தால் பட்டை "இருக்கிறது" என்று காட்டலாம். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. மத்தியானம் வடித்த சோற்றை வெளியில் வைத்து ராத்திரி ஃப்ரைடு ரைஸ் போட்டால், அதில் பாசில்லஸ் செரியஸ் விட்டுவைத்த நச்சு, வாணலியில் புரட்டினாலும் போகாது. ஸ்டாஃபைலோகாக்கஸின் நச்சும் அப்படித்தான். பாக்டீரியா செத்திருக்கும், நச்சு இருக்கும். பாக்டீரியாவை மட்டும் தேடும் சோதனை அங்கே ஏமாறும்.

வேகமாகக் கிடைத்த அரைகுறை விடை என்ன செய்யும் என்பதற்கு ஜெர்மனியைப் பாருங்கள். 2011 மே மாதம் அங்கே ஒரு கொடிய ஈ.கோலை பரவியது. மே 26 அன்று ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயில் அபாயகரமான ஈ.கோலை கிடைத்ததாக அறிவித்தார்கள். ஐரோப்பா முழுக்க வெள்ளரிக்காய் குப்பைக்குப் போனது; ஸ்பெயின் விவசாயிகள் கதறினார்கள். பிறகு பார்த்தால், வெள்ளரியில் ஈ.கோலை இருந்தது உண்மை, ஆனால் நோயைப் பரப்பிய ரகம் அது இல்லை. ஜூன் 10-இல்தான் முளைகட்டிய பயறு வகைதான் காரணம் என்று சொன்னார்கள். வெந்தய விதையில் போய் முடிந்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். "ஈ.கோலை இருக்கிறது" என்ற விடையும் "இந்த ஈ.கோலைதான் ஆளைக் கொல்கிறது" என்ற விடையும் ஒன்றல்ல. ஒரு சிவப்புக் கோடு முதல் விடையைத்தான் தரும்.

இந்தியாவில் எதுவரை வந்திருக்கிறோம்?

மலிவான சோதனையில் நாம் புதியவர்கள் இல்லை. குவாலியரில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1982-இல் ஒரு சின்னக் குப்பிச் சோதனையை உலக சுகாதார அமைப்பின் இதழில் வெளியிட்டார்கள். குப்பிக்குள் மருந்து தோய்த்த தாள். குடிநீரை ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால், மலக்கழிவோடு வரும் பாக்டீரியா வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு, தாளில் இருக்கும் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிவிடும். கறுத்தால் குடிக்காதே. இன்றும் கிராமங்களில் பயன்படுகிறது. நானோவும் இல்லை, தங்கமும் இல்லை. ஆனால் கோல்கப்பா தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறதோ அந்தக் குழாய்க்கு இது போதும்.

கிருஷ்ணன் தொடங்கிவைத்த அந்தத் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பி.டி. மல்ஹோத்ராவின் குழு பல ஆண்டுகள் உயிரி உணரிகளில் வேலை செய்தது, ஈ.கோலையின் டிஎன்ஏவைப் பிடிக்கும் உணரி ஒன்றை 2007-இல் வெளியிட்டது. அதில் தங்கத்துக்குப் பதில் மின்சாரம் கடத்தும் ஒரு பிளாஸ்டிக். அதே ஆய்வகம்தான் நகைத் தங்கத்தின் சுத்தத்தைச் சரிபார்க்க பிஎன்டி 4201 என்ற 9999 சுத்தமுள்ள இந்தியத் தரத் தங்கத்தையும் உருவாக்கிக் கொடுத்தது. சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு உலோக நானோ துகள்களால் தண்ணீரிலிருந்து பூச்சிமருந்தை நீக்கும் முறையைக் கண்டுபிடித்து, 2007-இல் அது வீட்டு வடிகட்டியாகச் சந்தைக்கே வந்தது. ஆக, உலோக நானோ துகள் இந்தியச் சமையலறைக்குள் நுழைந்து பல வருஷமாகிறது, கிருமியைக் கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் இன்னும் வரவில்லை.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, விரைவுச் சோதனைக் கிட்களைச் சரிபார்த்து அங்கீகரிக்க 'ராஃப்ட்' என்றொரு திட்டம் வைத்திருக்கிறது. 2019-இல் அது அறிமுகப்படுத்திய கையடக்கக் கருவிக்குப் பெயரே 'ராமன் 1.0'. எண்ணெய், நெய்யில் கலப்படம் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்லும். ஆனால் கலப்படம் வேறு, கிருமி வேறு. நெய்யில் டால்டா கலந்தால் சதவீதக் கணக்கில் கலப்பார்கள். 25 கிராமில் ஒரு துகள் என்று யாரும் கலக்க மாட்டார்கள். கலப்படத்துக்கு ஒரு நிமிடத்தில் விடை வருவதைப் பார்த்துவிட்டுக் கிருமிக்கும் அப்படியே வரும் என்று எதிர்பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதோடு, விரைவுக் கிட் சந்தேகம் கிளப்பலாம். கடைக்காரர் மேல் வழக்கு நிற்க உணவுப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வேண்டும்.

தங்கத் துகள் கிருமியைப் பிடிப்பது நிஜமாகவே சந்தைக்கு வந்த இடம் ஒன்று உண்டு: மருத்துவமனை. 1996-இல் அமெரிக்காவின் சாட் மிர்கின் குழு, தங்கத் துகளில் டிஎன்ஏ இழைகளை ஒட்டவைத்தால் ஜோடி டிஎன்ஏவைக் கண்டதும் நிறம் மாறும் என்று காட்டியது. அந்த வழியில் உருவான வெரிஜீன் என்ற கருவிக்கு 2014-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. நோயாளியின் மலத்தில் சால்மோனெல்லா, ஷிகெல்லா, காம்பிலோபாக்டர் போன்றவை இருக்கின்றனவா என்று சுமார் 2 மணி நேரத்தில் சொல்லும். உணவில் முடியாதது மலத்தில் எப்படி முடிகிறது? ஏனென்றால் அங்கே பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கிறது. ஊட்டக் கரைசல் செய்யும் வேலையை உங்கள் குடலே செய்து முடித்துவிட்டது.

அப்படியானால் உங்களுக்கு எப்போது வரும்?

முதலில் பால் பதப்படுத்தும் ஆலை, இறால் ஏற்றுமதி, மசாலா கம்பெனி, அப்புறம் ஒரே சமையல்கூடத்திலிருந்து இருபது கடைக்கு அனுப்பும் கிளவுட் கிச்சன். ராத்திரி மாதிரி எடுத்து வளரவைத்து, காலையில் பட்டை போட்டு, கோடு இல்லை என்றால் சரக்கை அனுப்பு. இந்த இடங்களில் ஒரு நாள் காத்திருக்க முடியும். தினமும் ஒரே உணவைச் செய்வதால் கிட்டை அந்த உணவுக்கென்று சரிபார்க்கவும் முடியும். தெருவோர ஸ்டாலில் இரண்டுமே கஷ்டம். அங்கே உங்கள் கண்தான் கருவி: மயோனைஸ் ஃபிரிட்ஜிலிருந்து வருகிறதா, வெயிலில் நிற்கிறதா, மோமோவிலிருந்து ஆவி பறக்கிறதா, வெறும் வெதுவெதுப்பா, தட்டை எந்தத் தண்ணீரில் அலசுகிறார்.

வயிறு கெட்டே போனால், மிச்சம் இருக்கும் பார்சலைத் தூக்கி எறியாதீர்கள். மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். மேலே தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள், ரூம்மேட் எடுத்துச் சாப்பிட்டுவிடாமல் "தொடாதே" என்றும். ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, மெடிக்கல் ஷாப்பில் நீங்களே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல் டாக்டரிடம் போங்கள். மருந்து தொடங்கும் முன்பே மலப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்; ஒரு மாத்திரை உள்ளே போன பிறகு வளர்ப்பில் பாக்டீரியா வராமல் போகலாம். கடை மேல் புகார் கொடுக்க எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' ஆப் இருக்கிறது. பில்லின் போட்டோவும் சாப்பிட்ட நேரமும் சேர்த்து அனுப்புங்கள். கூடச் சாப்பிட்ட நண்பர்களில் யாருக்கெல்லாம் உடம்பு சரியில்லை, யாருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் எதைத் தொடவில்லை என்பதையும் எழுதுங்கள்.